வெளிநாடு கிளம்பறீங்களா? முதல்ல *#06# அடிங்க

நம்ம ஊர்ல ஒருத்தர் வெளிநாடு கிளம்பறார்னா வீட்டுல ஒரு லிஸ்ட் ஓடும். பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், தைலம், ஆறு மாசத்துக்கு பிரஷர் மாத்திரை, பெட்டி எத்தனை கிலோ, ஸ்வெட்டர் யார்கிட்ட கடன் வாங்கலாம்... எல்லாம் இருக்கும். கையில இருக்கிற போன் அங்க போய் வேலை செய்யுமா என்கிற கேள்வி மட்டும் கடைசி நாள் ராத்திரி, பெட்டிக்குக் கயிறு கட்டும்போதுதான் வரும். அதுக்கும் யாராவது ஒரு சித்தப்பா, "அதான் இப்ப இ-சிம் வந்தாச்சே, கோடை ஸ்கேன் பண்ணா முடிஞ்சுது" என்று சொல்லிவிடுவார். எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

பொட்டி தட்டுற பொழப்பு என்பதால் சொந்தக்காரங்க வட்டாரத்துல போன், பிரிண்டர், வாஷிங் மெஷின் வரைக்கும் நான்தான் ஆஸ்தான மெக்கானிக். (படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அது வேற கதை :-)) அந்தத் தகுதியில போன வருஷம் எங்க வீட்டுலயே ஒரு கேஸ் வந்தது. அதுல கத்துக்கிட்டதை எழுதி வச்சா நாலு பேருக்கு உபயோகமா இருக்குமேன்னுதான் இந்தப் பதிவு.

கேஸ் இதுதான். அக்காவுக்கு டாலஸில் பிரசவம். அம்மா துணைக்குப் போகணும். அப்பா கடையை ஆறு மாசம் பூட்டிட்டு வர மாட்டாங்க. எனக்கு ஆபீஸ்ல ஆணி. ஆக, அம்மா தனியா போகணும். கோவில்பட்டியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டோஹா, டோஹாவிலிருந்து டாலஸ். அம்மாவுக்கு அதுவரைக்கும் தனியா போன அதிகபட்ச தூரம் திருச்செந்தூர். இங்கிலீஷ் போர்டு எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க, பேச வராது.

பிளைட் ஏறும் பயம் அம்மாவுக்கு இல்லை. "சக்கர நாற்காலில வச்சுக் கூட்டிட்டுப் போயிருவாவளாம்லா" என்று அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பயம் ஒன்றே ஒன்றுதான். "இறங்குன எடத்துல உங்க யாருகிட்டயும் பேச முடியலன்னா, கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கும்ய்யா."

கிளம்ப மூன்று வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் முதல் வேலையா அம்மா போனை வாங்கி, "இதுல ஸ்டார், ஹேஷ், சைபர், ஆறு, ஹேஷ் அடிம்மா" என்றேன்.

"ஏல, காசு போயிருமா?"

போகாது. இது போனுக்குள்ளயே முடிகிற சமாச்சாரம், கால் எங்கேயும் போகாது. அடித்த உடனே திரையில் எண்கள் வரும். 15 இலக்கத்தில் வருவது ஐஎம்இஐ, இது எல்லாப் போனிலும் உண்டு. இரண்டு சிம் போடுகிற போன் என்றால் இரண்டு வரும். அதோடு கூட 32 இலக்கத்தில், 89 என்று ஆரம்பித்து, இஐடி என்ற பெயரில் ஒரு நீள எண் வந்தால் உங்க போனில் இ-சிம் சில்லு இருக்கிறது. வரவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை.

அம்மா போனில் இரண்டு ஐஎம்இஐ. இஐடி இல்லை.

"5ஜி போனுல்லா அது? 5ஜி போன்ல எல்லாம் உண்டுடா" என்றார் சித்தப்பா. நிறைய பேருக்கு இந்த நம்பிக்கை இருக்கு, அதனால இதை முதல்ல உடைச்சுடலாம். 5ஜி என்பது போன் கோபுரத்தோடு எந்த அலைவரிசையில், எந்த முறையில் பேசுகிறது என்பது. இ-சிம் என்பது நீங்க யாரு என்கிற அடையாளம் போனுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 2018-ல் வந்த, 5ஜி வாசனையே இல்லாத ஐபோன் எக்ஸ்ஆரில் இ-சிம் உண்டு. நம்ம ஊரில் பட்ஜெட் விலையில் விற்கிற 5ஜி போன்கள் பலதில் கிடையாது.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். 1991-ல் ஜெர்மனியின் கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் கம்பெனி, பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் 300 சிம் அட்டைகளை விற்றது. அப்போ அது ஏடிஎம் கார்டு சைஸ். அதை வெட்டி வெட்டி, இப்ப நாம போடுற நேனோ சிம் 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். இதுக்கு மேல வெட்ட பிளாஸ்டிக் மிச்சமில்லை :-)

இ-சிம்மில் அட்டையே கிடையாது. சில்லு போனின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அட்டையை மாற்றுவதற்குப் பதில், அந்தச் சில்லுக்குள் இருக்கிற தகவலை இணையம் வழியா மாற்றுகிறோம். வாடகை வீடு மாதிரி வச்சுக்கங்க. வீடு நிரந்தரமா கட்டியாச்சு, குடித்தனக்காரங்கதான் மாறுவாங்க. நீங்க ஸ்கேன் பண்ற க்யூஆர் கோடு சிம் இல்லை. எந்த சர்வரில் போய் எந்த ரகசிய எண்ணைச் சொல்லி உங்க சிம்மை இறக்கிக்கணும் என்கிற விலாசச் சீட்டு, அவ்வளவுதான். வீடே கட்டாத மனையில யாரைக் குடிவைக்க முடியும்? அதனால சில்லு இல்லாத போனுக்கு எந்த அப்டேட் போட்டாலும், எந்த ஆப் இறக்கினாலும் இ-சிம் வராது.

போன்களுக்கான பொது விதிமுறையை ஜிஎஸ்எம்ஏ அமைப்பு 2016-ல் வெளியிட்டது. 2017-ல் கூகுள் பிக்சல் 2, 2018-ல் ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர், 2020-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்20 வரிசை என்று ஒவ்வொன்றாக வந்தது. இதைத் தெரிந்துகொண்டு, "என் போன் அதுக்கு அப்புறம் வந்தது, அதனால இருக்கும்" என்று முடிவு கட்டுவதில்தான் ஆபத்து.

ஏன்னா, ஒரே பேர், ஒரே டப்பா, ஒரே கலர். ஆனா விற்ற நாட்டைப் பொறுத்து உள்ளே வேற. சீனாவில் 2018 முதல் பல வருஷம் விற்ற ஐபோன்களில் இ-சிம்முக்குப் பதில் இரண்டு பிளாஸ்டிக் சிம் போடுகிற தட்டுதான் இருந்தது. பிக்சல் 3 வாங்கியது ஆஸ்திரேலியாவிலா, ஜப்பானிலா, தைவானிலா என்றால் இ-சிம் வேலை செய்யாது. சாம்சங்கிலும் ஒரே மாடல் ஒரு நாட்டில் உண்டு, இன்னொரு நாட்டில் இல்லை என்ற கதை நடந்திருக்கிறது. சிலதில் சில்லு இருக்கும், இஐடியும் காட்டும், ஆனால் செட்டிங்ஸில் இ-சிம் சேர்க்கிற வசதி இருக்காது. நம்ம வீடுகளில் பாதி போன் சிங்கப்பூர் மாமா கொண்டு வந்தது, துபாய் மச்சான் கொடுத்தது, பர்மா பஜாரில் வாங்கினது. அதனால இணையத்தில் கிடைக்கிற "இ-சிம் உள்ள போன்கள்" பட்டியலில் உங்க போன் பேர் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. பட்டியல் மாடலைப் பற்றிச் சொல்லும். உங்க கையில் இருக்கிற போனைப் பற்றி அந்தப் போன்தான் சொல்லணும்.

இப்ப அம்மா கேசுக்குத் திரும்புவோம். அம்மா போனில் இ-சிம் இல்லை என்று தெரிந்ததும் வீட்டுல உடனே ஒரு தீர்வு வந்தது. பீரோவுக்குள் புடவைக்கு நடுவுல ஒரு ஐபோன் 14 இருந்தது. பெரியம்மா மகன், அண்ணன், அமெரிக்காவிலிருந்து வந்தப்ப அப்பாவுக்குப் பாசமா கொடுத்தது. அப்பா, "எனக்கு எதுக்குடா ஆப்பிளு, எம்போன்ல பட்டன் இருக்கு" என்று உள்ளே வச்சுட்டாங்க.

எடுத்து சார்ஜ் போட்டு அதே *#06# அடிச்சேன். இஐடி ஜம்முனு வந்தது. வீட்டுல ஒரே சந்தோஷம். சித்தப்பா "நான் சொல்லல?" என்று மீசையைத் தடவினார்.

ஆனா பாருங்க, கேள்வி அதோட முடியலை. செட்டிங்ஸில் ஜெனரல், அதில் அபௌட் போய்க் கீழே தள்ளினா "கேரியர் லாக்" என்று ஒரு வரி இருக்கும். அதில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் எந்தக் கம்பெனி சிம்மும் போடலாம். அந்தப் போனில் "சிம் லாக்டு" என்று இருந்தது. அண்ணன் அதை அங்கே ஒரு போன் கம்பெனியிடம் தவணையில் வாங்கியிருக்கிறார். பூட்டிய போனில் அந்தக் கம்பெனி இணைப்பைத் தவிர வேற எதுவும் ஓடாது. பிளாஸ்டிக்கோ, இ-சிம்மோ, பூட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். திறக்கணும்னா அந்தக் கம்பெனிதான் மனசு வைக்கணும், தவணை பாக்கி இருக்கக் கூடாது.

சரி, அண்ணன்கிட்ட சொல்லித் திறக்க வைக்கலாம்னே வச்சுக்குவோம். அடுத்த சிக்கல், அந்தப் போனுக்குப் பக்கவாட்டில் சிம் தட்டே கிடையாது! 2022-ல் ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்கிறது எல்லாம் வெறும் இ-சிம் தான். (2025-ல் வந்த ஐபோன் 17 வரிசை சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைனிலும் அப்படித்தான். வளைகுடாவிலிருந்து போன் வரவழைக்கிறவங்க கவனிங்க. இந்தியாவில் விற்கிற ஐபோன் 17-க்குத் தட்டு இருக்கு.) அப்ப அம்மாவோட இந்திய நம்பரை எங்கே வைக்கிறது?

எல்லாரும் வெளிநாட்டு சிம்மைப் பற்றியே யோசிப்போம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்திய சிம்மைப் பற்றி. அம்மாவோட நம்பர் பன்னிரண்டு வருஷமா ஒரே நம்பர். பேங்க் அதுல, ஆதார் அதுல, கேஸ் சிலிண்டர் அதுல, வாட்ஸப்பில் சொந்தபந்தம் மொத்தமும் அதுல. யுபிஐ ஆப், பதிவான சிம் போனுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். 2025 நவம்பர் கடைசியில் வாட்ஸப் மாதிரி செயலிகளும் பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் ஓடணும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. போற போக்கைப் பார்த்தா, ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸுக்குள் வச்சுட்டு ஊர் சுற்றுகிற காலம் முடிஞ்சு போச்சு.

இந்திய நம்பரையே இ-சிம்மாக மாற்றலாம், முடியாதுன்னு இல்லை. ஆனா மாற்றினால் பழைய பிளாஸ்டிக் செத்துப் போகும். திரும்பப் பழைய போனுக்கு வரணும்னா புது அட்டை வாங்கக் கடைக்குப் போகணும், டாலஸில் அந்தக் கடை இல்லை. இன்னொண்ணு, சிம் மாற்றினால் மோசடியைத் தடுக்க முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்தி வைப்பார்கள். கிளம்புறதுக்கு முதல் நாள் இதைச் செய்தா ஏர்போர்ட்டில் ஓடிபி வராது. டிக்கெட்டில் ஏதாவது மாற்றம், கார்டில் ஏதாவது கட்டணம் என்றால் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேஜையில் விளக்கிக்கிட்டு இருந்தப்ப அம்மா அந்த ஐபோனைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா கீழே வச்சுட்டு, "இது எனக்கு வேண்டாம்ய்யா. எம்போனு எனக்குப் பழகிட்டுல்லா" என்றார்கள்.

அப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. அம்மாவுக்கு போனில் எழுத்து தெரியறதில்லை, இடம்தான் தெரியும். பச்சை பொம்மை கீழே வலது மூலையில், அதைத் தொட்டா மேலே முதல் ஆள் அக்கா, ரெண்டாவது நான். மைக் பொம்மையை அமுக்கிப் பிடிச்சா பேச்சு பதிவாகும். விரலுக்கு மனப்பாடம். புதுப் போனைக் கொடுத்தா நெட்வொர்க் நாலு கட்டி இருக்கும், ஆனா அம்மாவுக்கு எங்களைக் கூப்பிடத் தெரியாது. இ-சிம் இல்லாத பழகின போனா, இ-சிம் இருக்கிற பழகாத போனா என்று கேட்டா, தனியா போற ஒரு அம்மாவுக்கு முதலாவதுதான்.

மூன்று வாரம் இருந்ததால் இந்த முடிவை நிதானமா எடுக்க முடிஞ்சுது. அதுக்குத்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்றேன். "இல்லை" என்ற பதில் மூன்று வாரம் முன்னாடி வந்தா அது ஒரு தகவல். மூன்று மணி நேரம் முன்னாடி வந்தா அது ஒரு விபத்து.

நாங்க செஞ்சது இதுதான். அம்மா போன், அம்மா சிம், அப்படியே. அதே நம்பருக்குக் கத்தாரும் அமெரிக்காவும் சேர்ந்து வர்ற மாதிரி குறைந்த நாளுக்கு ஒரு ரோமிங் பேக். வழியில் பேசவும், டாலஸில் முதல் ரெண்டு நாளுக்கும் அது போதும். அக்கா வீட்டுக்குப் போனதும் அத்தான் ஒரு அமெரிக்க ப்ரீபெய்டு பிளாஸ்டிக் சிம் வாங்கி ரெண்டாவது இடத்தில் போட்டுவிடுவார். பேக் தீர்ந்தாலும் இந்திய சிம் முதல் இடத்திலேயே இருக்கும், எஸ்எம்எஸ் வர்றதுக்கு மட்டும். இதுக்கு சர்வதேச ரோமிங் திறந்திருக்கணும். எஸ்எம்எஸ் வர என்ன ரீசார்ஜ் இருக்கணும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஊரில் இருக்கும்போதே கஸ்டமர் கேரில் பேசித் தெளிவுபடுத்திக்கங்க, அங்க போய் இங்க கூப்பிடறது மகா கொடுமை.

ரெண்டாவது இடம்னு சொன்னேனா? தட்டை வெளியே இழுத்துப் பார்த்தா அங்க மெமரி கார்டு உட்கார்ந்திருக்கு. ரெண்டாவது சிம், இல்லாட்டி மெமரி கார்டு, ரெண்டுல ஒண்ணுதான் என்கிற தட்டு. அதுல சாமி பாட்டும், சொந்தக்காரங்க கல்யாண போட்டோவும் ஏழெட்டு வருஷச் சொத்து. எல்லாத்தையும் போனுக்குள்ள காப்பி பண்ணினதுக்கு அப்புறம்தான் கார்டைக் கழற்ற சம்மதம் கிடைச்சது. சிம் தட்டைத் திறந்து பார்ப்பதும் லிஸ்ட்டில் சேர்த்துக்கங்க. சில சாம்சங் போன்களில் இ-சிம்மும் ரெண்டாவது பிளாஸ்டிக் சிம்மும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்கும், ரெண்டும் ஒரே சமயத்தில் ஓடாது.

அப்புறம் சிலிண்டர். டெலிவரிக்கு வர்றவர் கேட்கிற நம்பர் அம்மா போனுக்குத்தான் வரும். கோவில்பட்டியில் காலை பதினொரு மணிக்கு சிலிண்டர் வந்தா டாலஸில் கோடை காலத்துல நள்ளிரவு பன்னிரண்டரை. பிள்ளை பெத்த வீட்டுல அந்நேரம் போன் அடிச்சு "கோடு சொல்லு"ன்னு அப்பா கேட்டா என்ன ஆகும்னு யோசிச்சோம். போறதுக்கு முன்னாடியே ஏஜென்சியில் போய் அப்பா நம்பருக்கு மாத்தியாச்சு.

கடைசியா ஒரு காகிதம். அக்கா வீட்டு விலாசம், அக்கா, அத்தான், என் நம்பர், எல்லாம் கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். அமெரிக்காவில் இமிக்ரேஷன் ஹாலில் போனைப் பயன்படுத்தக் கூடாது என்று போர்டே வச்சிருப்பாங்க. எந்த சிம் இருந்தாலும் அங்க காகிதம்தான் பேசும்.

காகிதத்தை மடிச்சு பர்ஸில் வைக்கும்போது அம்மா சொன்னது: "உன்னைப் பெத்தப்ப எங்கம்மை மூணு பஸ்ஸு மாறி வந்தா. வாறேன்னு ஒரு கார்டு போட்டிருந்தா. அந்தக் கார்டு அவ வந்து ரெண்டு நாள் கழிச்சுதான் வந்துச்சு." சொல்லிட்டு ஒரே சிரிப்பு.

பயணத்தன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை. பிளைட் எங்க போகுதுன்னு மேப்பில் பார்த்துக்கிட்டே இருந்தேன். டோஹாவில் இறங்கினதாகக் காட்டி இருபது நிமிஷம் ஆச்சு, ஒண்ணும் வரலை. முப்பது நிமிஷம். ஏரோப்ளேன் பொம்மையை அமுக்கணும் என்று மூணு தடவை பழக்கியிருந்தேன், ஆனாலும் வயித்துல புளி கரைச்சுது. நாற்பதாவது நிமிஷம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு. "ஏய்யா, கேட்டுக்கிட்ட வந்து உக்காந்துட்டேன். பக்கத்துல மதுரைக்காரங்க இருக்காவ, அவுகளும் மக வீட்டுக்குத்தான் போறாவ. அவுக போனு இங்க எடுக்கவே இல்லையாம். எம்போன்லதான் அவுக மககிட்ட பேசுனாவ. நீ தூங்கு."

அதைக் கேட்டப்ப எனக்குத் தோணினது, அந்த மதுரை அம்மாவோட மகனும் என்னை மாதிரியே எங்கேயோ முழிச்சுக்கிட்டு இருந்திருப்பான். அந்த வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருந்திருப்பார்.

சரி, உங்க போனில் இ-சிம் இருந்து, அதையே பயன்படுத்தப் போறீங்கன்னா செய்ய வேண்டியது. நான் 2023-ல் ஆபீஸ் வேலையா ஜெர்மனி போனப்ப இப்படித்தான் செஞ்சேன். (அங்க 2017-லிருந்து ப்ரீபெய்டு சிம் வாங்க அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். இறங்கின களைப்பில் அந்த வேலை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.)

1. *#06# அடிச்சு இஐடி வருதான்னு பாருங்க. வந்தா, செட்டிங்ஸில் இ-சிம் சேர்க்கிற வசதியும் இருக்கான்னு பாருங்க. ரெண்டும் இருக்கணும்.

2. பூட்டு. ஐபோனில் அபௌட் பக்கத்தில் தெரியும். ஆண்ட்ராய்டில் சுலபமான வழி, வேற கம்பெனி சிம் ஒண்ணைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்க. எடுத்தா பூட்டு இல்லை.

3. இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வச்சுடுங்க. இ-சிம்மை இறக்க இணையம் வேணும். இணையத்துக்காகத்தான் இ-சிம்மே வாங்கறோம். அங்க போய் இறங்கி ஏர்போர்ட் வைஃபையைத் தேடினா, சில இடத்தில் அதுக்கும் ஓடிபி கேட்கும். கோழி முட்டை கதைதான். பல பயணத் திட்டங்களில் நாள் கணக்கு அங்க நெட்வொர்க்கைப் பிடிச்சப்புறம்தான் ஆரம்பிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அதை மட்டும் படிச்சுக்கங்க.

4. க்யூஆர் கோடு உங்க போனுக்கே மெயிலில் வந்தா, அதே போனை வச்சு எப்படி ஸ்கேன் பண்றது? இன்னொரு திரையில் திறங்க, இல்லைன்னா பிரிண்ட் எடுங்க. ஒரு தடவை இறக்கினதை அழிச்சுடாதீங்க, பல கோடுகள் ஒரு தடவைக்குத்தான்.

5. பயண இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய நம்பருக்கு டேட்டா ரோமிங் ஆஃப். பல பேர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு நெட் வரலைன்னு உட்கார்ந்திருப்பாங்க. பயண இ-சிம் பலதும் வேற நாட்டுக் கம்பெனியுடையது. அது அங்க ரோமிங்கில்தான் ஓடும்.

6. புது சிம் போட்டதும் வாட்ஸப் நம்பரை மாத்தவான்னு கேட்டா, வேண்டாம் என்று சொல்லுங்க. டேட்டா யாருது வேணாலும் இருக்கட்டும், நம்பர் பழசே இருக்கட்டும்.

7. வெளிநாட்டில் இந்திய நம்பருக்கு வர்ற கால்களை பேக் இல்லாம எடுக்காதீங்க. உள்ளே வர்றதுக்கும் காசு. லோன் வேணுமான்னு கேட்கிற அந்த அம்மணிக்கு இதெல்லாம் தெரியாது :-)

இதுல எதுவுமே ராக்கெட் விடற வேலை இல்லை. மொத்தமா பதினைஞ்சு நிமிஷம். ஆனா யாருக்காகப் பார்க்கிறோமோ அவங்க பக்கத்துல உட்கார்ந்து, அவங்க கையிலேயே போனைக் கொடுத்துப் பாருங்க. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைச்ச உருப்படியான தகவல் 32 இலக்க எண் இல்லை. அம்மா போனை எப்படிப் பிடிக்கறாங்க, எதை எங்க தேடறாங்க என்பதுதான்.

அம்மா திரும்பி வந்தாச்சு. பேத்தி. போனில் இப்ப இடமே இல்லை, எல்லாம் அவ போட்டோ. மெமரி கார்டு திரும்பவும் ரெண்டாவது இடத்துக்கு வந்துடுச்சு. அந்த ஐபோன் திரும்பவும் புடவைக்கு நடுவுல போயிடுச்சு.

உங்க வீட்டுல யாராவது கிளம்பற மாதிரி இருந்தா இன்னிக்கே அடிச்சுப் பாருங்க. காசு போகாது. போனில் என்ன வந்துதுன்னும், நான் விட்டுட்ட விஷயம் ஏதாவது இருந்தாலும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

கொசுறு: சிம் குத்துற ஊசியைக் கைப்பையில் போட மறக்காதீங்க. அது இல்லாம டாலஸில் அத்தான் அக்காவோட தோட்டைக் கழற்றச் சொல்லி, அதை வச்சுத்தான் தட்டைத் திறந்தாராம்!